ஹோலிஸ் உண்மை சொன்ன நாள்

ஹோலிஸ் டிட்மோர் உண்மையைச் சொன்ன அன்றுதான் ஜெனீவாவுக்குப் பயம் வந்தது.

மற்ற விஷயங்களில் அவள் புருஷன் பொய் சொல்லுகிறவன் இல்லை. கடையில் மீதிச் சில்லறை கூடுதலாக வந்தால் அரை மைல் நடந்து போய்த் திருப்பிக் கொடுப்பான். ஆனால் மீன் எந்தத் தூண்டில் இரையில் விழுந்தது என்று கேட்டால் மட்டும் கண்ணைச் சிமிட்டாமல் புளுகுவான். கன்டர்ஸ்வில் ஏரியில் பாஸ் மீன் பிடிக்கிற ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். பச்சை ரப்பர் புழுவில் பிடித்தவன் வெள்ளைத் தவளை என்பான். வடக்கே பிடித்தவன் தெற்கே கையைக் காட்டுவான். கேட்கிறவனுக்கும் அது பொய் என்று தெரியும், தெரிந்துகொண்டேதான் கேட்பான். கேட்காமல் போனால்தான் அங்கே அவமரியாதை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூண்டில் கடையில் லாமர் வழக்கம்போல ஆரம்பித்தான். முப்பது வருஷத்து நண்பன், முப்பது வருஷத்துப் போட்டியாளன்.

"ஏண்டா ஹோலிஸ், போன வருஷம் கடைசியில ஒரு குண்டு மீனத் தூக்கிட்டு வந்தியே, அது எதுலதாண்டா விழுந்துச்சு?"

"கறுப்பு நீல ஜிக்" என்று கனத்த போலி இரை ஒன்றைச் சொன்னான் ஹோலிஸ். "ரயில் பாலத்துக்குக் கீழ. கரையிலேர்ந்து மூணாவது தூண், நிழல் பக்கம். விட்டுட்டு மெதுவா இழுக்கணும்."

கல்லாவில் இருந்தவன் எண்ணுவதை நிறுத்தினான். லாமர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான், துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி. ஏனென்றால் ஹோலிஸ் சொன்னது ஒவ்வோர் எழுத்தும் உண்மை. அந்த மீன் விழுந்தபோது அதே படகில் இருந்த ஜெனீவாவுக்கு அது தெரியும்.

வண்டியில் ஏறியதும் அவள் கேட்டாள். "என்ன ஆச்சு உனக்கு?"

"படகை லாமருக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் செக்கோட வரான். தோள் ஒத்துழைக்க மாட்டேங்குது, ஜெனீவா. நாளைக்கு கிளப் போட்டிக்குப் பேர் குடுத்தாச்சு, அது ஒண்ணுதான் பாக்கி."

குளிர்காலத்தில் அவனுடைய வலது தோளைக் கிழித்துத் தைத்தார்கள். அதிலிருந்து அவனுடைய கனத்த தூண்டில் கோலையும் ஈயத் தலை வைத்த ஜிக்கையும் நாலு தடவை வீசினாலே முகம் வெளுத்துவிடும். வாய் திறந்து வலிக்கிறது என்று மட்டும் சொல்லமாட்டான்.

படகு போனால் போகட்டும் என்று ஜெனீவாவால் நினைக்க முடியவில்லை. அவளுக்கு மீன்கூடப் பெரிதில்லை. வீட்டுக்குள் ஹோலிஸ் பேசுகிற பேச்சு "உப்பு எங்க", "நாய்க்குச் சோறு வச்சியா" என்பதோடு முடிந்துவிடும். படகில் ஏறிவிட்டால் வேறு மனிதன். அவன் முன்னால் நின்று மோட்டாரைக் காலால் மிதித்துப் படகை நகர்த்துவான், இவள் பின்னால் நிற்பாள், ரெண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அவனுக்கு வாய் திறக்கும். மகள் தூரத்து ஆரிகன் பக்கம் குடிபோய்விட்ட துக்கத்தில் அவன் அழுதது படகில்தான். ஜெனீவாவின் மார்பில் கட்டி என்று டாக்டர் சந்தேகப்பட்ட வாரம், முதுகைக் காட்டிக்கொண்டே "எனக்குப் பயமா இருக்கு" என்று சொன்னதும் அங்கேதான். லாமர் படகை இழுத்துக்கொண்டு போனால் அந்தப் பேச்சும் கூடவே போய்விடும். மிச்சம் இருப்பது உப்பும் நாயும்தான்.

ஆனால் ஜெனீவாவும் சும்மா இருந்தவள் இல்லை. தோள் ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்தே ராத்திரி சமையலறையில் உட்கார்ந்து செல்போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளியிருந்தாள். மெல்லிசான ஒரு தூண்டில் கோல், நரம்பு சுற்ற ஒரு திறந்த சுருள், தலைமுடி மாதிரித் தூண்டில் நரம்பு, எடையே இல்லாத ரப்பர் புழு. அதை வீச மணிக்கட்டு இருந்தால் போதும், தோள் வேண்டாம். வாங்கி, துணி அலமாரியில் குளிர்காலக் கோட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். ஒளித்ததற்குக் காரணம் உண்டு. அந்த ஏரியின் ஆம்பிளைகள் அந்த மாதிரிக் கோலுக்குத் தேவதை மந்திரக்கோல் என்று பெயர் வைத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் இறக்கை கட்டிக்கொண்டு ஆட்டுவார்களே, அது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதை யாராவது பார்த்துவிட்டால் அடுத்த தேர்தல் வரைக்கும் கிண்டல் ஓயாது. கேலி செய்வதில் முதல் ஆள் ஹோலிஸ்தான்.

சனிக்கிழமை விடியலில் படகுகள் கிளம்பின. ஹோலிஸ் நேராக ஏரிக்குள் இருந்த புல் திட்டுக்குப் போய் ஜிக்கை வீச ஆரம்பித்தான். வீசினான், இழுத்தான், வீசினான். ஒன்றும் தொடவில்லை. வெயில் ஏற ஏற வீச்சு குட்டையாகிக்கொண்டே வந்தது. ஜெனீவா பயந்தது அதற்காக இல்லை. அவன் படகில் ஏறியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாசேஜ் டப்பாவைத் திறந்து பிஸ்கட்டோடு நீட்டினாள். தலையை ஆட்டி வேண்டாம் என்றான்.

அதற்கு மேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துக் கரையில் யாருடைய வீட்டுப் படகுத்துறையோ தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அடியில் நல்ல நிழல். விடியலில் அவனுக்குத் தெரியாமல் படகில் ஏற்றியிருந்த உறையிலிருந்து மெல்லிய கோலை எடுத்தாள். தூண்டில் முள்ளைப் புழுவின் நட்ட நடுவில் குத்தினாள். மணிக்கட்டைச் சுண்டி, படகுத்துறைக் கட்டைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுச் சும்மா நின்றாள். புழு ரெண்டு முனையும் லேசாக நடுங்கிக்கொண்டு தானாகக் கீழே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தது.

"ஹோலிஸ், வலையக் கொண்டா!"

நல்ல மீன். வலையில் வாங்கி முள்ளை எடுத்தபோதுதான் அவன் புழுவைப் பார்த்தான். பார்த்தவன் மூக்கைச் சுருக்கினான்.

"இது என்ன, சூயிங்கமா?"

"புழு."

"ரோஸ் கலர்ல எந்த ஊர்லடி புழு இருக்கு? அதுவும் நடு வயித்துல குத்தியிருக்க. தலையிலேர்ந்து கோக்கணும்னு இத்தன வருஷமாத் தெரியாதா?"

"மீன் ஒண்ணும் குறை சொல்லலையே."

"குருட்டு அதிர்ஷ்டம்."

அடுத்த படகுத்துறையிலும் அதே குருட்டு அதிர்ஷ்டம் அடித்தது. அதற்கடுத்ததிலும் அடித்தது. மூன்றாவது மீனைப் படகின் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டுவிட்டு ஹோலிஸ் உட்கார்ந்துவிட்டான். தோளைத் தேய்த்துக்கொண்டான். ஏரியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தான். ஒரு படகும் கண்ணில் படவில்லை.

"அதக் குடு" என்றான், ஏதோ கடன் கேட்கிற குரலில்.

வீச்சில் குறை இல்லை. மணிக்கட்டைச் சுண்டியதும் புழு கட்டைக்கு ஒரு சாண் பக்கத்தில் போய் விழுந்தது, தோள் அசையவே இல்லை. அதைக் கவனித்தவனுக்கே ஆச்சரியம். சிக்கல் அதற்கப்புறம்தான்.

"சும்மா இரு" என்றாள் ஜெனீவா.

"சும்மாதான இருக்கேன்."

"எங்க இருக்க? கோல் நுனி ஆடுது பாரு."

"ஆட்டாம எப்படி? மீனுக்குத் தெரிய வேணாமா?"

"அதுக்குத் தெரியும். நீ கைய வச்சுக்கிட்டு பேசாம நில்லு. இல்ல, பேசிக்கிட்டே நில்லு. ஆனா ஆட்டாத."

சும்மா இருப்பது மாதிரி கஷ்டமான வித்தையை அவன் வாழ்நாளில் கற்றதில்லை. தாடை இறுகியது, கட்டைவிரல் துடித்தது. ஒரு மீன் வந்து முகர்ந்துவிட்டு, இவன் அவசரப்பட்டு இழுத்ததில் போய்விட்டது. கெட்ட வார்த்தை ஒன்று வந்தது. மறுபடி போட்டான். இந்தத் தடவை நரம்பைத் தளர விட்டான். புழு இறங்கிக்கொண்டிருந்தது. கைக்கு வேலை இல்லை. அப்போது, அவளைத் திரும்பிப் பார்க்காமலே, வாய் திறந்தது.

"ஆஸ்பத்திரில மயக்க ஊசி போடறப்ப, பிடிச்சது எதையாவது நெனச்சுக்கோங்கன்னு அந்த நர்ஸ் பொண்ணு சொல்லிச்சு."

"ம்."

"ஏரிய நெனச்சேன்னு அப்புறம் உங்கிட்ட சொன்னேன்ல? அது பொய். நீ பின்னால நின்னு நரம்பச் சிக்கலாக்கிட்டு என்னையே திட்டுவியே, அதத்தான் நெனச்சேன்."

ஜெனீவாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பதில் சொல்ல வாயெடுத்தவள் தண்ணீரைப் பார்த்தாள்.

"ஹோலிஸ், நரம்பு!"

நரம்பு படகுத்துறையை விட்டு ஆழத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. கோல் வில்லாக வளைந்தது. மெல்லிய நரம்பு, முரட்டு மீன். இழுத்தால் அறுந்துவிடும். அது போகிற வழியெல்லாம் அவன் விட்டுக்கொடுத்துப் போனான், சண்டை போடுகிற மாதிரியே இல்லை. கடைசியில் அது வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தபோது ஜெனீவா படகில் மண்டியிட்டு வலையில் வாங்கினாள். ரெண்டு பேரும் படகின் தரையில் உட்கார்ந்து பைத்தியங்கள் மாதிரிச் சிரித்தார்கள். மிச்சம் இருந்த சாசேஜை அவன் ஒருவனே தின்று தீர்த்தான்.

திரும்பும்போது அவள் படகைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு நல்ல நாள் அமைந்துவிட்டதாலேயே மனம் மாறிவிடுவான் என்று நம்பும் அளவுக்கு அவள் புதுப் பெண்டாட்டி இல்லை. நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி விற்றாலும் விற்றுவிடுவான்.

எடை போடும் துறைக்கு முந்தின திருப்பத்தில் ஹோலிஸ் மோட்டாரை அணைத்தான். மெல்லிய கோலை எடுத்து, தோள் வலியோடு குனிந்து, படகின் பெட்டிக்குள் அடியில் தள்ளி மேலே மழைக்கோட்டைப் போட்டு மூடினான். தரையில் கிடந்த ரோஸ் துணுக்குகளை ஒன்று விடாமல் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு கனத்த கோலை எடுத்து எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தான். போதவில்லை என்று தோன்றியதோ என்னவோ, ஜிக்கைத் தண்ணீரில் முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட மறுபடி வைத்தான். ஜெனீவா மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு எல்லாவற்றிலும் பெரிய மீன் ஹோலிஸின் மீன்தான். லாமர் தராசைப் பார்த்தான், படகுக்குள் எட்டிப் பார்த்தான், ஈர ஜிக்கைப் பார்த்தான்.

"எதுலடா?"

"ஜிக்தான். வேற எது?"

"எங்க?"

"புல் திட்டுல. தெக்குப் பக்கம்" என்று ஹோலிஸ் வடக்கே மீன் பிடித்துவிட்டு வந்த கையைத் தெற்கே நீட்டினான்.

லாமருக்குச் சந்தேகம் தீரவில்லை. ஜெனீவா பக்கம் திரும்பினான். அவள் தேவாலயத்தில் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கிறவள், பொய் சொல்லமாட்டாள் என்று ஊருக்கே தெரியும்.

"ஜெனீவா, நீங்களே சொல்லுங்க. நிஜமா ஜிக்கா?"

"ஜிக்தான், லாமர்" என்றாள் ஜெனீவா. நாக்கு குழறவே இல்லை. "கறுப்பு நீலம். நானே முடிச்சுப் போட்டுக் குடுத்தேன்."

ஹோலிஸ் தொப்பியை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். லாமர் பெருமூச்சு விட்டான், ஆனால் முகத்தில் நேற்றைய துக்கம் இல்லை.

"சரி, நாளைக்கு மத்தியானம் செக்கோட வரட்டுமா?"

"வா, சாப்பிட வா" என்றான் ஹோலிஸ். "செக்க வீட்லயே வச்சுட்டு வா."