ஒட்டுப் போட்ட குழாய்

எங்கள் தீயணைப்பு நிலையத்துக்கு வந்த அதிகாரிகளில் சுத்தம் சாரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. உட்கார நாற்காலியை வீட்டிலிருந்து கொண்டுவந்தார். நிலையத்துத் தொட்டித் தண்ணீரைக் குடிக்க மாட்டார். அது நெருப்புக்கு ஒதுக்கியதாம். மனைவி போன் செய்தால் வாசலைத் தாண்டி ரோட்டில் நின்றுதான் பேசுவார். ஒருநாள் நல்ல மழை. வண்டி ஓட்டுகிறவன் என்ற முறையில் குடை கொண்டுபோய்ப் பிடித்தேன். "ஆபீஸ் குடையா?" என்றார். ஆமாம் என்றேன். நகர்ந்து நின்று நனைந்தார். வேலை நேரத்தில் கொசு கடித்தால் வீட்டுக்குப் போய் மொத்தமாகச் சொறிந்துகொள்வார் என்றும் சொல்வார்கள். அதை நான் கண்ணால் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

அவருக்கு முன்னால் இருந்தவர் பங்கு சார். எதை வாங்கினாலும் பத்தில் ஒன்று அவருக்கு. ஒருமுறை வண்டியின் சைரனையே விற்றுவிட்டார். புதுசு வரும்வரை நான்தான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஊளையிட்டுக்கொண்டே ஓட்டினேன். தெருநாய்கள் பின்னாலேயே ஓடிவந்து ஒத்தாசை செய்தன.

இந்த இருவரையும் வைத்து எனக்கும் என் மைத்துனனுக்கும் ஓயாத சண்டை. மனைவியின் தம்பி, அதே வண்டியில் தண்ணீர்க் குழாய் பிடிக்கிறவன். அவனுக்கு சுத்தம் சார் என்றால் உயிர்.

"திருடன் ஒழிஞ்சானேன்னு சந்தோஷப்படுங்க மாமா."

"திருடன் இருந்தப்ப புதுக் குழாய் வந்துச்சுடா மாப்ள. இப்ப ஓட்டைக்கு நடுவுலதான் குழாய் இருக்கு."

"அவர் கை சுத்தமா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"எதையும் தொடாத கை சுத்தமாத்தான் இருக்கும்."

சுத்தம் சார் குழாய் வாங்க முயலாமல் இல்லை. முதல் டெண்டரை ரத்து செய்தார்: வியாபாரி ஒரு காலண்டர் கொடுத்துவிட்டான். அடுத்ததையும் ரத்து செய்தார்: வியாபாரி தேவைக்கு மேல் சிரித்தான். அதற்கப்புறம் எந்த வியாபாரியும் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. குழாய் கேட்டு மைத்துனன் சாரிடம் போய்ப் போய் நின்றான். சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பதில் மட்டும் சொல்லவில்லை. கடைசியில் அவனே சைக்கிள் டியூபை வெட்டி ஓட்டைகளுக்கு ஒட்டுப் போட்டான்.

ஒரு மத்தியானம் தையற்கடை மாடியில் தீ. தைக்கிற அம்மா நூல் வாங்க வெளியே போயிருந்தார். மகள் உள்ளே. பம்ப் ஓடியது, மைத்துனன் ஜன்னலைக் குறிபார்த்தான். அழுத்தம் ஏறியதும் ஒட்டுகள் பிய்த்துக்கொண்டன. தண்ணீர் முழுக்கச் சாக்கடைக்குப் போனது. அவன் குழாயைப் போட்டுவிட்டு ஈரச் சாக்கோடு மாடி ஏறினான். இரண்டு கையும் வெந்து, பெண்ணைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். அவள் உயிரோடு இல்லை.

இதில் நான் சேர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை.

விசாரணை வைத்தார்கள். சுத்தம் சார் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார்: அனுமதியில்லாமல் அரசாங்கக் குழாயில் ஒட்டுப் போட்டவன் என் மைத்துனன். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வேலை போவது நிச்சயம், ஜெயிலும் வரலாம் என்றார்கள்.

விசாரணைக்கு முந்தின சாயங்காலம் பங்கு சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். இப்போது தலைமை அலுவலகத்தில் இருக்கிறார். மைத்துனன் கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அக்கா சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒட்டுப் போட்டுச் சமாளின்னு அவர் வாயால சொன்னார்னு சொல்லிடு தம்பி. நீ தப்பிச்சே, அவர் மாட்டினார். நான் திரும்ப வந்து குழாய் வாங்கிப் போடறேன்."

"அவர் அப்படிச் சொல்லலியே சார்."

"ஒரே ஒரு வரிடா," என்றாள் அக்கா. "உங்க மாமா விடியறதுக்குள்ள ஒம்போது பொய் சொல்றார். என்ன கெட்டுப்போச்சு?"

"அந்த ஆளைப் பதில் சொல்ல வைக்க வேற வழி இல்ல மாப்ள," என்றேன் நானும்.

அவன் சோறு போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் விசாரணை அறையில் தைக்கிற அம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "ஒட்டுப் போடச் சொன்னது உங்க அதிகாரியா?" என்று கேட்டார்கள்.

மைத்துனன் சுத்தம் சாரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவர் ஒண்ணுமே சொல்லலீங்க," என்றான். "குழாய் இல்ல சார்னு போய் நின்னப்பல்லாம் ஒண்ணும் சொல்லல. என்னைக்குமே சொல்லல."

"அதிகாரி எந்த உத்தரவும் தரலைன்னு எழுதிக்கங்க," என்றார் விசாரிக்க வந்தவர். அன்றே மைத்துனனுக்கு வேலை போயிற்று.

வெளியே வராந்தாவில் சுத்தம் சார் அவனிடம் வந்தார். "உண்மையைச் சொன்னீங்க. நன்றி." கைகுலுக்க நீட்டியவர் கட்டுகளைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"அந்தம்மா அங்க நிக்கிறாங்க சார். 'நான் வாங்காததாலதான் குழாய் இல்ல'ன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எனக்கு அது போதும்."

சார் அந்தப் பக்கம் பார்த்தார். "துறை சார்பா வருத்தம் தெரிவிக்க எனக்கு அதிகாரம் கிடையாது. அனுமதி கேட்டு எழுதறேன்."

"துறை வேணாம் சார். நீங்க சொல்லுங்க."

அவர் போய்விட்டார். சொன்னபடியே எழுதினார், தபால்பெட்டியில் போட்டதை நானே பார்த்தேன். பதில் வரவில்லை.

தைக்கிற அம்மா அவ்வப்போது நிலையத்துக்கு வருவார். போன வாரமும் வந்தார்.

"உங்க ஆபீசர் நல்ல மனுஷன்னு எல்லாரும் சொல்றாங்களே?"

"ஆமாம்மா. நல்ல மனுஷன்."

"உங்க மச்சானும் நல்ல பையன்."

"ஆமாம்மா."

"அப்ப யாருப்பா?"

வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்த சக்கரத்தையே மறுபடியும் கழுவ ஆரம்பித்தேன்.