கண்ணாடிப் பெட்டிக்குள் தயானி

எங்கள் தோட்டத்துப் பழைய ஸ்டோரில் மெஷின்கள் நின்று பல வருஷம் ஆயிற்று. தேயிலை அரைத்த அந்தக் கட்டடத்துக்குச் சாயம் பூசி, வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்க்க மியூசியம் என்று கம்பெனி திறந்தது. மடுல்சீமை ரோட்டில் குழி மூட ஆளில்லை, செத்த மெஷினுக்குச் சாயம் பூச ஆள் இருக்கிறது என்றேன்.

அதற்குள் என் மகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தயானி. மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டிச் செத்துப்போனவள். கல்யாணம்கூட ஆகவில்லை. முன்னே எப்போதோ எவனோ எடுத்த படம் கம்பெனியிடம் இருந்திருக்கிறது. அதைப் பார்த்து ஆள் உயரத்துக்குச் சிலை செய்து, முதுகில் கூடையும் வைத்து, வாசலுக்கு நேரே நிறுத்திவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பார்த்துவிட்டு வந்த, எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் என் மனைவி தனலெட்சுமியிடம் சொன்னார்கள்: "அச்சு அசல் நம்ம தயானிதான்க்கா. கூப்டா திரும்பிருவா போல இருக்கு."

"பொம்மைக்கு என்னாடி ஜாடை? எல்லாப் பொம்மையும் ஒண்ணுதான்" என்றேன் நான்.

தனத்துக்கு இரண்டு கண்ணும் தெரியாது. சீனி வருத்தத்தில், அதுதான் சர்க்கரை நோயில், போனது. அப்போது தயானி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு மகள் வளர்ந்ததை எல்லாம் தாய் விரலால்தான் பார்த்தாள். கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்கு வந்ததும் கூடையைத் தனமே தடவிப் பிடித்து இறக்குவாள். அந்தக் கூடையின் கயிறு உச்சந்தலையில் மாட்டி இருக்குமல்லவா, அந்த இடத்தில் தலை பள்ளம் விழுந்திருக்கும். அதில் தேங்காயெண்ணெய் வைத்துத் தேய்ப்பாள். அப்படியே கை நெற்றி, புருவம், மூக்கு என்று இறங்கும்.

"விடும்மா, மூஞ்சி தேஞ்சிறப் போகுது" என்று தயானி கத்துவாள். ஆனால் எழுந்து போகமாட்டாள்.

வீட்டில் அவள் படத்துக்கு நான் மாலை போட்டிருக்கிறேன். அதைத் தடவினால் கண்ணாடிதான் கையில் படும். "படம் ஒங்களுக்குங்க. எனக்கு என்னா இருக்கு?" என்று கேட்டாள் தனம். அந்தச் சிலையை ஒரு தடவை தொட வேண்டும் என்றாள். அதுதான் அவள் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

நான் பொம்மை, பொம்மை என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எங்கள் ஆட்களே காரியத்தைக் கெடுத்தார்கள். கன்னியாகப் போனவள் தெய்வம் என்பது எங்கள் வழக்கம். மலைக்குப் போகிற பெண்கள் போகிற வழியில் சிலைக்கு மஞ்சள் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள். ஒருத்தி பால்கூட ஊற்றினாள். சாயம் உரிந்து வந்தது. சிலையைத் துடைத்துச் சாயம் பூசிய கம்பெனி, சுற்றிலும் கண்ணாடி அடித்துப் பூட்டிவிட்டது.

"சாமியாக்குறோம்னு சொல்லி எம் புள்ளயப் பூட்ட வச்சிட்டீங்களேடி" என்று தனம் அழுதாள்.

பிறகு ஒரு நாள் மியூசியத்தில் பெரிய போர்டு ஒன்று வந்தது. நடக்க முடியாதவர், கண் தெரியாதவர், காது கேட்காதவர் எல்லாரும் வரலாமாம். படிக்கட்டுப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏற சரிவுப் பாதை, இரும்புக் கைப்பிடி. ஹம்ஸியா என்று பதுளை டவுன் பிள்ளை ஒன்று அங்கே பொறுப்பாக இருந்தது. லயத்துக்கே வந்து கூப்பிட்டது.

"எங்க மேல என்னா திடீர்ப் பாசம்? எவனோ வெளிநாட்டுக்காரன் கேட்டிருப்பான், காட்டுறதுக்கு ஒரு குருட்டுக் கெழவி வேணும், அதானே?" என்றேன்.

அந்தப் பிள்ளை கோபப்படவில்லை. "அவங்களுந்தான் கேட்டாங்க ஐயா. அம்மா வந்தா எனக்குச் சந்தோஷம்" என்றது.

போனோம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தனம் தானாகவே ஏறினாள். அதைக் குறை சொல்லமாட்டேன். உள்ளே ஒரு பலகையில் புள்ளி புள்ளியாக இருந்தது. கண் தெரியாதவர் தடவிப் படிக்கிற எழுத்தாம்.

"கண்ணு இருக்கும்போதே எனக்கு எழுத்துத் தெரியாது மிஸ். இப்ப எங்க படிக்கிறது?" என்றாள் தனம்.

கண்ணாடிக்கு வெளியே, தொட்டுப் பார்க்கிறதற்கென்று சாண் உயரத்தில் ஒரு சின்னப் பொம்மை வைத்திருந்தார்கள். ஹம்ஸியா அவள் கையைப் பிடித்து அதில் வைத்தது. தனம் தடவித் தடவிப் பார்த்தாள். முகம் இருந்த இடம் பயற்றங்கொட்டை அளவு இருந்தது.

"இது கொழுக்கட்ட மாதிரி இருக்கு மிஸ். எம் புள்ள எங்க?"

பக்கத்தில் நின்ற காவல்காரன் சிரித்துவிட்டான். ஹம்ஸியா சிரிக்கவில்லை. தனம் முன்னால் கையை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்து அதில் வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்கு அந்தப்புறம் தயானி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொறக்கக் கேட்டுப் பாக்குறேன் அம்மா" என்றது ஹம்ஸியா.

அந்தப் பிள்ளை கேட்காது, எல்லாரும் சொல்வதுதான் என்று வரும் வழியெல்லாம் நான் ஏசிக்கொண்டு வந்தேன்.

ஆனால் ஹம்ஸியா வந்தது. ஒரு போயா தினம், பௌர்ணமி லீவு, மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றது. "தொறக்கச் செல்லிட்டாங்க ஐயா. இண்டைக்கு மியூசியம் மூடித்தான். அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க."

"படம் புடிச்சுப் போடுறதுக்கு எத்தன பேரு நிக்கிறான்?"

"ஒருத்தருமில்ல. நான் மட்டும்தான்."

தனம் அதற்குள் எண்ணெய்ப் போத்தலை எடுத்து இடுப்பில் சொருகிவிட்டாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஹம்ஸியா பூட்டைத் திறந்து, கண்ணாடிக் கதவை நகர்த்திவிட்டு எட்ட நின்றுகொண்டது. தனம் முதலில் தோளைத் தொட்டாள். பிறகு கழுத்து, தாடை. மூக்கில் விரல் போய் நின்றது. மூக்கின் மேலே சின்ன மேடு ஒன்று உண்டு, என் அம்மாவுக்கும் இருந்தது. அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"மூக்கு அவளுதுதாங்க" என்றாள். "நாடியுந்தான். நீங்க பொம்மைன்னு சொன்னீங்களே."

நான் சொன்னது பொய்யாகப் போனதில் எனக்கு வாழ்க்கையில் முதல்தடவையாகச் சந்தோஷம் வந்தது.

கை மேலே ஏறியது. நெற்றி, தலைத் துணி, கயிறு. கயிற்றில் வந்ததும் நின்றது. இந்தப் பக்கம் தடவினாள், அந்தப் பக்கம் தடவினாள். விரல் நுனியை அடியில் விட்டுத் தூக்கப் பார்த்தாள். நகத்தால் கிளறினாள். கயிறு, துணி, தலை எல்லாம் சேர்த்து ஒரே வார்ப்பு. கயிறு அசையவில்லை. அடியில் பள்ளமும் இல்லை, தலையும் இல்லை.

பின்னால் போய்க் கூடையைப் பிடித்தாள். இரண்டு கையாலும் தூக்கினாள். எத்தனையோ சாயங்காலம் இறக்கிய கை அது. கூடை வரவில்லை. இன்னொரு தடவை தூக்கினாள். சிலை லேசாக ஆடியது.

"அம்மா, கவனம்" என்றது ஹம்ஸியா மெதுவாக.

தனம் கையை எடுத்துக்கொண்டாள். முந்தானையால் சிலையின் முகத்தை ஒரு தடவை துடைத்தாள். "நல்லாச் செஞ்சிருக்காங்க மிஸ். பூட்டிருங்க" என்றாள். அந்தப் பிள்ளையின் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

வெளியே சரிவுப் பாதையில் இரும்புக் கைப்பிடியைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றாள். மழை அவள் தலையில் விழுந்தது.

"ஏங்க."

"சொல்லு."

"கூடைய எறக்க முடியலைங்க. ராப்பகலா அதைச் சுமந்துக்கிட்டே நிக்கிறாளே."

நான் அவள் கையைப் பிடித்தேன். இடுப்பில் எண்ணெய்ப் போத்தல் மூடி திறக்காமலே இருந்தது.