கிழக்குச் சுவர்

ஜெர்மனியின் லாகர் ஏரிக்கரையில், நீருக்கடியிலிருந்து சரஞ்சரமாக எழுந்து உடையும் குமிழிகளைப் பதினெட்டு விஞ்ஞானிகள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர்களை அழைத்து வந்த சுகன்யாதேவியோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை வந்துவிடக் கூடாதே என்பதுதான் அவளுடைய கவலை. ஏரிக்கடியிலுள்ள எரிமலை இன்னமும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அக்குமிழிகளே சான்று என்று அவள் சற்று முன்னர்தான் விளக்கி முடித்திருந்தாள். நேப்பிள்ஸ் நகரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் பெர்தெல்லி மட்டும் கூட்டத்தை விட்டு விலகி அவளருகே வந்தார். ஏரி அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தாம் வந்தது அவளுடைய சுவரைக் காண்பதற்காகவே என்று ஆங்கிலத்தில் கூறிச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

அந்தச் சுவர், பக்கத்து நுரைக்கல் குவாரியின் கிழக்கு விளிம்பில் எஞ்சியிருந்த ஒரு மண்முகம். ஏரியிருக்கும் இடம் எரிமலையாக வெடித்தபோது கொட்டிய வெண்ணிற நுரைக்கல், அங்கே இரண்டாள் உயரத்துக்கு அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. அதன் உச்சியில், விரல் பருமனில் மஞ்சள் மண்ணாலான ஒரு கோடு. அக்கோட்டினுள் புல்வேர்களின் தடங்கள். அதற்கும் மேலே, தொட்டால் உதிரும் சாம்பல். வெடிப்பு ஓய்ந்து, புல் முளைத்து, அதன் பின்னரும் எரிமலை ஒருமுறை உமிழ்ந்திருக்கிறது என்பது சுகன்யாதேவியின் வாதம். மழைநீர் கொண்டுவந்து சேர்த்த வெறும் சேறு அது என்பது பெர்தெல்லியின் எதிர்வாதம். பையில் அடைத்த மண்ணையும், எடுத்தனுப்பிய படங்களையும் அவர் ஏற்கவில்லை. எது எதன்மேல் கிடந்தது என்பதைச் சுவரே சொல்லட்டும் என்றார். சொல்லிவிட்டால் தம் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இடமுண்டு என்றும் வாக்களித்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் அக்கோடு எஞ்சியிருக்கவில்லை. செப்டம்பரில் அவளுடைய ஆய்வு வேலைக்கான ஒப்பந்தம் முடிகிறது. அத்துடன் விசாவும் முடிகிறது. அரியலூரிலிருந்து அண்ணன் இப்போதே தொலைபேசியில் தொடங்கிவிட்டார்: "நம்ம ஊர்ல எரிமலை எங்கம்மா இருக்கு? நாப்பது வயசுல திரும்பி வந்தா யாரு வேலை குடுப்பா உனக்கு?"

குவாரி நிறுவனம் நாளுக்கு நாள் தோண்டிக்கொண்டே போக, அந்த ஒரு சுவர் மட்டும் நிலைத்திருந்ததென்றால் அதற்குக் காரணம் அம்புறோஸ். மன்னாரிலிருந்து அகதியாக வந்து, அங்கே மண்ணள்ளும் இயந்திரம் ஓட்டுபவர். ஈராண்டுகளுக்கு முன்னர், சுவரோடு ஒட்டி நின்று தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தவளைக் கேட்டு, "ஆரது தமிழில புறுபுறுக்கிறது?" என்று இயந்திரத்திலிருந்து தலையை நீட்டியவர். அவள் கேட்டுக்கொண்டதற்காக முதலாளியிடம் பேசி, சுவரைத் தொடாமல் சுற்றிலும் தோண்டி வந்தார். அவள் "அண்ணே" என்றழைக்கும்போதெல்லாம், "அண்ணே இல்லைப் பிள்ளை, அண்ணை. இவ்வளவு நாளாச் சொல்லித் தாறன், மண்டையில ஏறேல்லை. அதுக்குள்ள டொக்டர் பட்டம் வேற" என்று சீண்டுவார். அவருடைய தேநீரைப் பங்கிட்டுக் குடித்த எத்தனையோ மதிய வேளைகளில், அந்தச் சுவரில் என்னதான் இருக்கிறது என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

சென்ற வாரம் அவரைத் தொலைபேசியில் அழைத்து, "வியாழக்கிழமை கெஸ்ட் வர்றாங்கண்ணே. எல்லாம் பெரிய ப்ரொஃபசர்ஸ். உங்க சுவரைப் பாக்கத்தான் வர்றாங்க" என்றிருந்தாள்.

"ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ பிள்ளை. நான் பாத்துக்கொள்ளுறன்."

பேருந்து குவாரிக்குள் திரும்பியது. உலகக் கோப்பைக் காலமாதலால், இயந்திரத்தின் உச்சியிலும் ஒரு ஜெர்மன் கொடி பறந்துகொண்டிருந்தது. குண்டும் குழியுமாக இருக்கும் பாதை அன்று தரை மெழுகியதுபோல் சமனாக இருந்தது. வேலை நாளில் தேய்த்த வெள்ளைச் சட்டையணிந்து, அம்புறோஸ் வாசலிலேயே நின்றிருந்தார். பக்கத்து மேசையில், அவர் மனைவி டொறத்தி விடியற்காலையில் எழுந்து பொரித்த ரோல்ஸ், துணி போர்த்திய தட்டில் காத்திருந்தது. சுகன்யாதேவி முதலில் இறங்கினாள். கிழக்கே திரும்பினாள்.

சுவர், சுண்ணாம்பு பூசிய வீட்டுச் சுவரைப் போல் வெள்ளை வெளேரென்று நின்றது. உச்சி, நூல் பிடித்து வெட்டியதுபோல் நேராக இருந்தது. மஞ்சள் கோடு இல்லை. சாம்பல் இல்லை. வெட்டிய இடத்துக்கு மேலே வானம் மட்டுமே இருந்தது.

"எப்பிடிப் பிள்ளை?" அம்புறோஸின் முகம் மலர்ந்திருந்தது. "மேல கிடந்த ஊத்தை மண்ணெல்லாம் வழிச்செடுத்துப்போட்டன். சும்மா உதிர்ந்து கொட்டிக்கொண்டு கிடந்தது. பெரிய ஆக்கள் வாற இடம், தலையில கிலையில விழுந்தா எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்? நேற்று வேலை முடிஞ்சாப்பிறகும் நிண்டு செய்தனான். செஃப், எங்கட முதலாளியே வந்து பாத்திட்டு, உன்ர வீட்டுச் சுவரும் இப்பிடியோ எண்டு கேட்டவர்."

அவள் சுவரின் அடியில் தேடினாள். "அந்த மண்ண எங்கண்ணே கொட்டுனீங்க?"

"வீணாக்கேல்லை. காலுக்குக் கீழ பாருங்கோ. பஸ் புதையும் எண்டு பாதையில பரவி, றோலர் போட்டு இறுக்கினனான்."

அவள் குனிந்து பார்த்தாள். இறங்கிய விஞ்ஞானிகள் அதன்மேல் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

பெர்தெல்லி உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாக நடந்தார். திரும்பி வந்து, எங்கே என்று கேட்டார். இருந்தது என்றாள் அவள். புதிதாக வெட்டிய உச்சியையும், வெள்ளைச் சட்டைக்காரரையும், அவளையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். கெட்ட மனிதரல்லர். அவளுடைய தோளில் கை வைத்து, தமக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது என்றார். ஆயினும், கண்ணால் காணாத ஒன்றைக் கண்டதாகச் சொல்வதற்கில்லை என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, கண்ணாடியை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என்னவாம் பிள்ளை?" அம்புறோஸ் அருகே வந்தார். "ஆள் ஒரு மாதிரிப் போறார். பிடிக்கேல்லையோ?"

அந்தக் கணத்தில் அவர்மீது அவளுக்கு மூண்ட வெறுப்பு, அவளையே நடுங்க வைத்தது. கத்த வேண்டும் போலிருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். நேற்று மாலை செய்த வேலை அவருக்கு ஆயுள் முழுவதும் ஆறாத புண்ணாகிவிடும். ஆனால், அதைச் சொன்னாலும் மண் மறுபடி மேலே ஏறப் போவதில்லை.

"ரொம்ப நல்லா இருக்காம்ணே" என்றாள். "இவ்வளவு சுத்தமான குவாரிய அவர் பாத்ததே இல்லையாம்."

"இத்தாலிக்காரனே சொல்லிப்போட்டானோ! அவங்கள் கட்டடத்தில விண்ணன்மாரெல்லோ!" அவர் தட்டின் துணியை விலக்கினார். "டொறத்தியிட்டச் சொல்லோணும். அடுத்த வருசம் வாறாக்களுக்கு அந்த மற்றப் பக்கத்தையும் வழிச்சு வைக்கிறன், என்ன?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள். விஞ்ஞானிகள் ரோல்ஸ் தின்றார்கள். உறைப்பில் கண்கலங்கிச் சிரித்தார்கள். வெண்சுவரின் முன்னால் அம்புறோஸை நடுவில் நிறுத்திப் படமெடுத்துக்கொண்டார்கள்.

புறப்படும்போது, பேருந்து ஓட்டுநர் வாசற்படியில் நின்று, காலணிகளைத் தட்டிவிட்டு ஏறும்படி ஒவ்வொருவரிடமும் கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினெட்டுப் பேரும் படியின் விளிம்பில் காலைத் தட்டிவிட்டு ஏறினார்கள். கடைசியாக வந்த சுகன்யாதேவி தட்டவில்லை. ஓட்டுநர் ஏதோ சொன்னார். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பேருந்து நகர்ந்தது. கழுவித் துடைத்த கறுப்புத் தரையில், வாசலிலிருந்து கடைசி இருக்கை வரை, சாம்பல் நிறத்தில் ஒற்றை ஆளின் காலடிகள் மட்டும் வரிசையாகப் பதிந்திருந்தன.