முன்தண்டில் வைத்த பொட்டு

கொண்டையிலிருந்து ஊசியை உருவி, சண்முகவள்ளி அந்த விரிசலுக்குள் விட்டுச் சுரண்டிப் பார்த்தாள். வெளியே எடுத்து வெயிலில் காட்டினாள். ஒன்றுமில்லை. மறுபடியும் விட்டாள். மூன்றாவது முறையும் ஊசி சுத்தமாகத்தான் வந்தது.

"என்ன தாயி, டிரெய்லருக்குக் காது குத்துறியா?" என்றார் இஞ்ஞாசி.

டிரெய்லர் அவருடையது. செம்பட்டிப் பக்கத்துக் கரும்பை ஆலைக்கு ஏற்றி வரும் ஒப்பந்தக்காரர் என்று பேர். உண்மையில் ஒரு டிராக்டரையும் ஒரு டிரெய்லரையும் வைத்துக்கொண்டு தானே ஓட்டுகிற மனிதர். நேற்று மத்தியானம் ஆலை முற்றத்தில் கிரேன் கரும்புக்கட்டைத் தூக்கியபோது ஒரு சங்கிலி டிரெய்லரின் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. கரும்போடு வண்டியின் பின்பக்கமும் ஆள் உயரத்துக்கு எழும்பி, சங்கிலி நழுவியதும் தொப்பென்று விழுந்தது. டிராக்டரோடு பூட்டுகிற முன்தண்டு, சட்டத்தோடு சேரும் மூட்டில் வெடித்துவிட்டது. கத்தி நுழைகிற அளவுக்கு விரிசல்.

முற்றத்துக்குள் வண்டி சேதமானால் ஆலையே ஈடு கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அதற்கு, வாசலில் வண்டி வரவு எழுதும் குமாஸ்தா சேதப் படிவத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் குமாஸ்தா சண்முகவள்ளி. வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பொங்கலுக்கு நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

காலையில் முற்ற அதிகாரி கமலக்கண்ணன் படிவத்தை அவள் மேஜையில் வைத்து, காரணம் என்ற கட்டத்தைப் பேனாவால் தட்டினார். "பழைய விரிசல்னு போடும்மா. ரெண்டே வார்த்தை. வெல்டிங் எப்பவோ விட்டிருக்கும். நீ என்ன கூட நின்னா பார்த்த?"

பார்க்கவில்லைதான். சத்தம் கேட்டபோது அவள் வாசல் அறையில் இருந்தாள். அதுதான் அவளை அரித்தது. சின்னாளப்பட்டி வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறவள் அவள். திண்டுக்கல்லில் மாலை நேரத் தட்டச்சு வகுப்பில் எல்லாரும் தாளைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிய பிறகும் தன் தாளை இன்னொரு முறை படித்துக்கொண்டிருப்பாள். பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக அவளால் எழுத முடியாது. பழசு என்று எழுதுவதும் பார்க்காததை எழுதுவதுதானே? பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தபோதுதான் பொட்டு ஞாபகம் வந்தது.

பைக்குள்ளிருந்து பூட்டுக்கடைக்காரர் கொடுத்த எண்பத்தைந்தாம் வருஷ டைரியை எடுத்துப் புரட்டினாள். பன்னிரண்டு நாளுக்கு முந்திய பக்கம். அரவை தொடங்கிய நாள். அன்றைக்கு வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பூஜை போடுவது ஆலை வழக்கம். சந்தனக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு டிரெய்லருக்கும் முன்பலகையின் நடுவில் ஒரு பொட்டு. இஞ்ஞாசியின் வண்டிக்கு வந்தபோது பலகையில் மாதா படம் ஒட்டியிருந்தது. கிண்ணத்தோடு தயங்கி நின்றாள்.

"எனக்கு மட்டும் வைக்காமப் போனா என் வண்டி கோவிச்சுக்கும் தாயி," என்று அவர் சிரித்தார். "மாதாவத் தொந்தரவு பண்ணாம, கீழ வையி."

குனிந்து, முன்தண்டும் சட்டமும் சேரும் மூட்டின்மேல் வைத்தாள். குழைத்த சந்தனம், நடுவில் குங்குமம். அவள் அம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவள். புள்ளி விழுகிற இடத்தில் அந்த வீட்டில் யாரும் ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்கள். டைரியில் அவள் கையெழுத்து இருந்தது: 'இஞ்ஞாசி வண்டிக்கு மட்டும் மூட்டில், நடுவில். பலகையில் மாதா படம்.' அதற்குப் பிறகு இன்றுவரை எந்தப் பக்கத்திலும் மழை என்று ஒரு வார்த்தை இல்லை.

இப்போது அந்தப் பொட்டு இரண்டாகப் பிளந்து, பாதி தண்டிலும் பாதி சட்டத்திலுமாகக் காய்ந்திருந்தது. விரிசல் பழசென்றால் குழைத்த சந்தனம் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். ஊசியில் ஒரு துகள் வரவில்லை. உள்ளே இரும்பு புதுப் பைசா மாதிரி மினுங்கியது.

"அண்ணே, அன்னைக்கு இங்க விரிசல் இருந்துச்சா?"

"இருந்திருந்தா நீ உள்ள விட்டிருப்பியாக்கும்? ஒரு கட்டு சாஞ்சிருந்தாலே என்னய அரை மணி நேரம் வாசல்ல காய விடுற ஆளு." பிறகு அவர் குரல் தணிந்தது. "விடு தாயி. பொங்கல் வருது, ஒனக்கு ஆர்டர் வரணும். நான் சூசைராஜ் பட்டறையில கடனுக்கு ஒட்டிக்கிறேன்."

"ஒங்களுக்காக இல்லண்ணே. அது நான் வச்ச பொட்டு."

படிவத்தின் கட்டம் அவளுக்குப் போதவில்லை. பின்பக்கமும் எழுதி, கையெழுத்துப் போட்டு, கமலக்கண்ணன் மேஜையில் வைத்தாள்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு வார்த்தை எழுதச் சொன்னா கதை எழுதிருக்க."

"ரெண்டு வார்த்தையில அடங்கல சார்."

"பொட்ட வச்சுக் கேஸ் நடத்தப்போறியா? எங்க இருக்கு அது, வா பாப்போம்."

வந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவளைப் பார்க்கவில்லை. முற்றத்துத் தூசிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த முகமது பாரூக்கைக் கூப்பிட்டார். "நாலு மணிக்கு ஹெட் ஆபீஸ்லேர்ந்து இந்த வண்டியப் பாக்க வாராங்க. கழுவி விடு."

பாரூக் குழாயை இழுத்துக்கொண்டு வந்தான். "பூரா வண்டியுமா சார்?"

"முன்னாடி மட்டும் போதும்."

"சேறு பூராம் பின்னாடில்ல சார் இருக்கு?"

"சொன்னதச் செய்யிடா."

சண்முகவள்ளி குழாய்க்கும் வண்டிக்கும் நடுவில் போய் நின்றாள். ஒருவேளை தான்தான் தப்போ, சந்தனம் உள்ளே இறங்கித் தானாக உதிர்ந்திருக்குமோ என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டு, உட்கார்ந்து, மூட்டின்மேல் இரண்டு கையையும் குவித்து வைத்தாள்.

"தள்ளும்மா."

"நாலு மணி ஆகட்டும் சார். அவுங்க பாத்துட்டுச் சொல்லட்டும்."

"ஒனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார்," என்றாள். கையை எடுக்கவில்லை.

"தெறடா பாரூக்."

பாரூக் முதலில் டயரில் அடித்தான். பிறகு பலகையில், மாதா படத்தை விட்டுவிட்டு அடித்தான். கமலக்கண்ணன் அவன் கையிலிருந்து குழாயைப் பிடுங்கினார். தண்ணீர் அவள் மணிக்கட்டில் சுளீரென்று பட்டு, சேலை முழுவதும் தெறித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தன் கைகளின்மேல் கனமாக ஏதோ விழுவதை உணர்ந்து திறந்தாள். இஞ்ஞாசி தலைத்துண்டை நாலாக மடித்து அவள் கைகளின்மேல் போட்டு, தன் இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் அழுத்தியபடி பக்கத்தில் குத்த வைத்திருந்தார். அவர் முகத்திலும் தண்ணீர் வழிந்தது.

விரல்களுக்கு அடியில் சந்தனம் இன்னும் சொரசொரவென்றுதான் இருந்தது. காலடியில் ஓடுகிற தண்ணீரில் சிவப்பு கலக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இல்லை. மறுபடியும் பார்த்தாள்.