டீச்சர் மிதக்கும் நேரம்

டீச்சரின் நீச்சல்குளத்தை மண் போட்டு மூடிவிடுவது என்று மகள் முடிவு கட்டிய அன்று, லிஃப்ட்காரர் குறுக்கே விழுந்தார். "கொஞ்ச நாள் டைம் குடு பாப்பா. நான் ஒரு சிஸ்டம் பண்றேன்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன வாக்குக் கொடுத்தோம் என்று அவருக்கே உறைத்தது.

தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். வாழ்நாள் முழுக்க அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்த்தவர், இன்னமும் பார்க்கிறவர். அவர் மனைவியைத் தெருவே டீச்சர் என்று கூப்பிடும், அவர் உட்பட. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவள். ஓய்வு பெற்ற கையோடு, வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் ஒரு குளம் வேண்டும் என்றாள். நகை கேட்கவில்லை, ஊர் சுற்றிக் காட்டு என்று கேட்கவில்லை, குளம் கேட்டாள். அவரும் மறுபேச்சுப் பேசாமல் கட்டிக் கொடுத்தார். கட்டிக் கொடுத்தாரே தவிர, ஒரு நாளும் அதில் கால் நனைத்தவரில்லை. எத்தனை மாடி உயரத்திலும் இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அநாயாசமாக நிற்கிற மனிதருக்கு, தண்ணீர் என்றால் வாளித் தண்ணீரோடு சரி.

போன கோடையில் டீச்சருக்கு வலிப்பு வந்தது. வந்ததும் வந்தது, குளத்துக்குள் இருக்கும்போதா வரவேண்டும்? நல்ல வேளையாக மகள் வந்திருந்தாள். போட்டிருந்த உடையோடு குதித்து அம்மாவைக் கரைக்கு இழுத்து வந்தாள். லிஃப்ட்காரர் கரையில் நின்று கத்தினார். கத்த மட்டும்தான் செய்தார். கால் எழவே இல்லை. அதை அவரிடம் யாரும் குத்திக் காட்டவில்லை. மகளும் பேசவில்லை, டீச்சரும் பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, தனியாகத் தண்ணீரில் இறங்கவே கூடாது என்றார். மகள் குடும்பத்தோடு வேறு ஊரில் இருப்பவள். "அம்மாவைப் பத்தி எனக்குத் தெரியாதா? நீங்க அந்தப் பக்கம் வேலைக்குப் போனதும் இந்தப் பக்கம் இறங்கிடுவாங்க. எனக்கு ராத்திரி தூக்கமே வர்றதில்லப்பா. மூடிடலாம்" என்றாள். டீச்சர் ஜன்னல் வழியாகக் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் லிஃப்ட்காரர் வாயை விட்டார்.

வாயை விட்டவர் வேலையில் இறங்கினார். பின்கட்டில் ஒரு மேஜையைப் போட்டு, கழற்றிப் போட்ட பழைய லிஃப்ட் ஒன்றின் இரும்புப் பெட்டியைச் சுவரில் மாட்டி, அதற்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு, வரிசையாக ரிலேக்கள், கலர் கலராக வயர்கள் என்று ஒரு கல்யாணமே நடத்தினார். முதலில் பம்ப் தானாக ஓடி தானாக நின்றது. அப்புறம் குளோரின் அளவைப் பார்த்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றும் குழாய் வந்தது. தண்ணீர் குறைந்தால் நிரப்புகிற மிதவையை மட்டும் தலைகீழாக மாட்டித் தொலைத்தார். நிரம்ப நிரம்ப "இன்னும் ஊத்து, இன்னும் ஊத்து" என்று அது கேட்டுக்கொண்டே இருந்ததில், பக்கத்து வீட்டுத் தையல்காரரின் முற்றம் வரை வெள்ளம் போனது.

"அண்ணே, நீச்சல் கத்துக்க டீச்சர் வீட்டுக்கு நாங்க வருவோம். நீச்சல்குளமே எங்க வீட்டுக்கு வர்றதை இப்பதான் பார்க்கிறேன்" என்றார் தையல்காரர். அவர் டீச்சரிடம் நீச்சல் கற்றவர். அந்த மரியாதைக்காகக் கோபித்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் துணைக்கறி. உண்மையான விஷயம் காவல். லிஃப்ட் வேலையில் ஊறிய புத்தி எதற்கும் இரண்டு பூட்டு கேட்கும். குளத்துக் கதவில் ஒரு ஸ்விட்ச் வைத்தார். கதவு திறந்தால் ஆள் உள்ளே வந்தாயிற்று, மூடினால் வெளியே போயாயிற்று என்று அர்த்தம். தண்ணீரின் மேல் ஒரு சென்சார் மிதக்கவிட்டார். அலை இருந்தால் ஆள் நீந்துகிறாள் என்று அர்த்தம். ஆள் உள்ளே இருந்தும் அரை நிமிடம் அலையே இல்லை என்றால் சைரன் ஊதும். அவர் போனிலும் மகள் போனிலும் மணி அடிக்கும். பகல் முழுக்க வீட்டிலேயே தைத்துக்கொண்டிருக்கும் தையல்காரர், சத்தம் கேட்டதும் போட்டது போட்டபடி ஓடிவந்து குதிப்பதாக ஒப்புக்கொண்டார்.

மகள் வந்து சோதித்துப் பார்த்தாள். டீச்சர் நீந்தினாள், சைரன் வாய் மூடி இருந்தது. "அம்மா, இப்ப அசையாம இருங்க" என்றாள் மகள். டீச்சர் மல்லாந்து மிதந்தாள். அரை நிமிடம் ஆனதுதான் தாமதம், தெருவே எழுந்து உட்காருகிற மாதிரி சைரன் அலறியது. தையல்காரர் கழுத்தில் அளவு நாடா தொங்கத் தொங்க மதிலேறி வந்து தொப்பென்று குதித்தார்.

மகளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. "சரிப்பா. மண் வேண்டாம்" என்றாள். லிஃப்ட்காரருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கின மாதிரி இருந்தது. கரையில் நின்று கத்திய மனிதன் கடைசியில் உருப்படியாக ஒன்று செய்துவிட்டான் என்று தனக்குத் தானே தட்டிக் கொடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு வேலைக்குப் போன இடத்திலெல்லாம் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பார். கதவு திறந்தது, அலை வந்தது, கதவு மூடியது. கூட வேலை செய்பவர்களுக்கும் காட்டுவார். "பாருய்யா, எங்க வீட்டம்மா இப்ப நீந்துறாங்க" என்று பெருமையடித்துக்கொள்வார். முதல் வாரம் டீச்சர் வெகுநேரம் நீந்தினாள். அடுத்த வாரம் அதில் பாதி. பிறகு வந்தாள், போனாள். பிறகு கதவே திறக்கவில்லை.

மனைவி குளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள் என்றால் வேறொரு கணவனுக்கு என்ன தோன்றும்? நம் ஆளுக்கு ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கதவு ஸ்விட்சைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுநாள் அதன் வயரை மாற்றினார். அதற்கும் மறுநாள் ஸ்விட்சையே புதிதாகப் போட்டார். டீச்சர் சமையலறை வாசலில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல ஒண்ணும் கோளாறு இல்லைங்க. நான்தான் போறதில்ல" என்றாள்.

"ஏன்? உடம்புக்கு ஏதாவது...?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. எதுக்குப் போகணும்? உங்க மெஷினுக்குக் கை காலை ஆட்டிக் காட்டவா?"

லிஃப்ட்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் ஸ்குரூடிரைவரோடு முழித்தார்.

"நான் நீந்தவா குளம் கேட்டேன்?" என்றாள் டீச்சர். "நீந்தி நீந்தி எனக்குச் சலிச்சுப் போச்சு. காலமெல்லாம் பிள்ளைங்க கத்துறதும், நான் விசில் ஊதுறதும், அதே சத்தம்தான் காதுல. மல்லாந்து படுத்தா ரெண்டு காதும் தண்ணிக்குள்ள போயிடும். ஒரு சத்தம் இருக்காது. வானம் மட்டும்தான் இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தாங்க எனக்குக் குளம். இப்ப படுத்தா, எப்ப அது அலறுமோ, எப்ப தையல்காரத் தம்பி மேல வந்து விழுமோன்னு பயந்து பயந்து, விரலை ஆட்டிட்டே கிடக்கேன். உயிரோட இருக்கேன்னு அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை நிரூபிக்கணும்னா, அது என்ன பொழைப்பு?"

கோபமாகச் சொன்னால் தாங்கியிருப்பார். அவள் வருத்தமாகத்தான் சொன்னாள். "பாப்பா சொன்ன மாதிரி மண்ணைப் போட்டுடுங்க. ரெண்டு செடி வைக்கிறேன். உங்க மேல தப்பில்ல. நீங்க எவ்வளவு பாடுபட்டீங்கன்னு பார்த்தேனே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றார். அரை நிமிடத்தை ஐந்து நிமிடமாக்க ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். ஆனால் ஐந்து நிமிடத்தில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கரையில் நின்று பார்த்தவராயிற்றே. எண்ணைத் தொடவே கை கூசியது. அவள் படுத்து மிதப்பதும் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுவதும் அந்தச் சென்சாருக்கு ஒன்றுதான். வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் நின்று முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு இந்த வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்த ஆளுக்கோ வாளித் தண்ணீர்தான் தண்ணீர்.

பெட்டியை மூடினார். குளத்துக் கதவைத் திறந்து, சட்டையைக் கழற்றி அதில் மாட்டினார். வேலைக்குப் போட்டிருந்த பேன்ட்டோடு குளத்துப் படியில் உட்கார்ந்து, ஒரு காலை விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார். உலகத்தில் உள்ள சாமி பேரெல்லாம் வாயில் வந்தது. பம்ப் எத்தனை முறை ஓடியது, தண்ணீர் எத்தனை டிகிரி, எவ்வளவு ஆழம் என்று எல்லாமே போனில் பார்த்து மனப்பாடமாகத் தெரியும். அந்த ஆழம் தன் உடம்பில் எங்கே வந்து நிற்கும் என்று மட்டும் தெரியாது. கைப்பிடிக் கம்பியை விடாமல் இறங்கி இறங்கி, கால் தரையைத் தொட்டபோது பார்த்தால், மார்பு வரைதான் இருந்தது. இந்த மார்பளவுத் தண்ணீருக்கா அன்றைக்கு அப்படி நின்றோம் என்று நினைத்ததும் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இறங்கியிருந்தால் போதும், நின்ற வாக்கிலேயே அவளைத் தூக்கியிருக்கலாம்.

"டீச்சர்!" என்று கூப்பிட்டார். குரல் ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி வந்தது. "டீச்சர், வாங்க!"

டீச்சர் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "என்னங்க இது? வழுக்கி விழுந்துட்டீங்களா?"

"நானாத்தான் இறங்கினேன். சீக்கிரம் வாங்க. ரொம்ப நேரம் தாங்க மாட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. உடை மாற்றிக்கொண்டு வந்து, அவருக்குப் பக்கத்தில் இறங்கினாள். "சைரனை அணைச்சுட்டீங்களா?"

"அணைக்கல. எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்ல. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க படுங்க, உங்க முகத்தை நான் பார்த்துக்கிறேன். அலறினா அலறட்டும். தையல்காரர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

டீச்சர் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பின்னால் சாய்ந்து, கைகளை விரித்து, தண்ணீரில் படுத்தாள். அவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அவள் தலைக்கு அடியில், படாமல் வைத்துக்கொண்டார். பல் தந்தியடித்தது. முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. அவள் முகத்தை விட்டு மட்டும் கண்ணை எடுக்கவில்லை. மூச்சு போகிறது, வருகிறது, இமை அசைகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அரை நிமிடம் போயிற்று. ஒரு நிமிடமும் போயிற்று. டீச்சர் விரலைக்கூட அசைக்கவில்லை. சைரனும் ஊதவில்லை.

டீச்சர் கண்ணைத் திறந்து, தலையைக் கொஞ்சம் தூக்கினாள். "ஏங்க, சத்தத்தையே காணோம்? கெட்டுப் போச்சா?"

லிஃப்ட்காரர் சென்சாரைப் பார்த்தார். அது தண்ணீரின் மேல் மெல்ல மெல்லக் குதித்துக்கொண்டிருந்தது. அவரைச் சுற்றித்தான் சின்னச் சின்னதாக அலை கிளம்பிக்கொண்டிருந்தது.

"கெடல. நான் நடுங்குறேன்ல, அதான்" என்றார்.

"அப்ப நடுங்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு, டீச்சர் மறுபடி காதுகளைத் தண்ணீருக்குள் விட்டாள்.