வெர்டெல் கடைசியாகச் செய்த காப்ளர்

மாவு பொங்கவே இல்லை. ஹோலிஸ் ஓவனுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். காப்ளர் என்கிற அந்தப் பழப் பலகாரத்துக்கு, உருக்கிய வெண்ணெயில் மாவை ஊற்றி, கலக்காமல் மேலே பீச் பழத் துண்டுகளைப் பரப்பிவிட்டால், மாவு தானாக எழும்பிப் பழத்தை மூடிக்கொள்ளும். மனைவி வெர்டெல் செய்யும்போது அப்படித்தான் மூடும். இவர் செய்ததில் மாவு அடியில் பசையாகப் படுத்துக் கிடந்தது.

மாவுப் பையை எடுத்துப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஜார்ஜியாவில் எந்த வீட்டிலும் சோடாவும் உப்பும் கலந்தே வரும் மாவுதான் இருக்கும். இவர் கடையில் சாதா மாவை எடுத்து வந்திருக்கிறார். இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் மனுஷன் ஒருநாளாவது அந்த அலமாரியைத் திறந்து பார்த்திருந்தால்தானே!

மறுபடி செய்ய நேரமில்லை. ஊரைவிட்டுப் போனவர்களெல்லாம் திரும்பி வந்து தேவாலயத்து மரத்தடியில் கூடிச் சாப்பிடும் ஞாயிறு அது. வெறுங்கையோடு போக முடியாது. கடையில் வாங்கிப் போனால் அதைவிடக் கேவலம்.

வெர்டெல் போன நவம்பரில் இறந்தாள். அப்போது வீடு கொள்ளாமல் சாப்பாடு வந்தது, ஆட்களும் வந்தார்கள். கழுவிய பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து முடித்ததும் ஆட்கள் வருவதும் நின்றுபோயிற்று. இப்போதெல்லாம் ஞாயிறன்று கையைக் குலுக்கி, "உங்களுக்காக ஜெபிக்கிறோம் பிரதர்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். தான் செய்ததை நாலு பேர் சாப்பிட்டு, 'ஹோலிஸா செஞ்சது?' என்று கேட்டுப் பக்கத்தில் வந்து உட்கார மாட்டார்களா என்பதுதான் அவருடைய ஆசை. அதற்காகவே காலையிலிருந்து பழம் உரித்தார்.

யார் கை பட்டது என்று தெரியாத பண்டத்தை அந்தச் சபையில் ஒருவரும் தொடமாட்டார்கள். இனிப்பு மேசைக்கு இமோஜீன் சிஸ்டர் காவல். பெரிய தொப்பியைச் சரிசெய்துகொண்டு காப்ளரைக் குனிந்து பார்த்தாள்.

"யாரு செஞ்சது இது? ஏன் இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கு?"

பாத்திரத்தைத் துண்டால் பிடித்துத் தூக்கி அடியைப் பார்த்தாள். அங்கே, பாத்திரம் மாறிப்போகாமலிருக்க ஒட்டிய பழைய டேப்பில் எழுதியிருந்தது, வெர்டெல் என்று. ஹோலிஸ் அதைக் கவனித்திருக்கவே இல்லை.

"பிரதர்..." அவள் குரல் இறங்கிவிட்டது. "வெர்டெல் செஞ்சதா? ஃப்ரீசர்ல வச்சிருந்தீங்களா?"

'இல்லை, நான்தான்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் இமோஜீனின் கண் நிறைந்துவிட்டது. ஹோலிஸ் தலையாட்டினார்.

அவ்வளவுதான், மேசையைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது.

"ஃப்ரீசர்ல கெடந்து அமுங்கிப் போச்சு, பாவம்."

"அமுங்குனா என்ன? அந்தக் கை ருசி எங்க போவும்?"

சபை மூப்பர் லூஷியஸ் வாய் நிறைய வைத்துக்கொண்டு, "என்னைத் திட்டிக்கிட்டேதான் ரெண்டு கரண்டி வைப்பா. திட்டு இல்லாம தின்னா என்னமோ குறையுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஹோலிஸும் சிரித்தார். அவர் தோளில் யாரோ கை போட்டிருந்தார்கள். எத்தனை நாளாயிற்று அப்படி ஒரு கை பட்டு.

"இன்னும் இருக்கா பிரதர், ஃப்ரீசர்ல?" என்று கேட்டாள் இமோஜீன்.

"இல்ல சிஸ்டர். இதான் கடைசி."

மூலையில் இருந்ததையும் அவள் கரண்டியால் வழித்துப் பரிமாறினாள். லூஷியஸ் மெதுவாக "ஆமென்" என்றார். பிறகு காகிதத் தட்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டு ஒவ்வொருவராகத் தங்கள் தங்கள் குடும்பத்தின் பக்கம் போனார்கள். ஹோலிஸுக்கு ஒரு கரண்டி எடுத்து வைக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

காரில் போகும்போதுதான் அவருக்கு உறைத்தது. அடுத்த வருஷம் சரியான மாவில் நன்றாகவே செய்தாலும் கொண்டுபோக முடியாது. கடைசி என்று அவரே சொல்லிவிட்டார். பேசாமல் உண்மையைச் சொல்லியிருந்தால், மோசமான காப்ளர் என்று கேலி செய்யவாவது யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

வீட்டில் பாத்திரத்தைத் தொட்டியில் வைத்தார். விளிம்பில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டார். கெட்டியாக, மாவு மாவாக இருந்தது. வெர்டெல் செய்தது போல் துளிகூட இல்லை. அதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை.