முறுகாத கறி

அந்த மெஷினைக் கண்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அது மட்டும் எரிய வேண்டிய அளவுக்கு எரியவே இல்லை.

பார்க்கச் சின்ன பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். பக்கத்தில் ஒரு தொட்டி. அதில் பெல்லட் கொட்ட வேண்டும். மரத்தூளை அழுத்தி, ஒடித்த பென்சில் துண்டுகள் மாதிரி செய்திருப்பார்களே, அது. உள்ளே ஒரு திருகு சுற்றிச் சுற்றி அதைத் தீக்கிண்ணத்தில் தள்ளும், ஒரு ஃபேன் ஊதும், நெருப்புக்கு மேலே ஒரு தகடு, தகட்டுக்கு மேலே கம்பி வலை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மூடி. எல்லாம் கரண்டில் ஓடும். பெங்களூரில் மூடிப்போன ஏதோ ஹோட்டலில் ஏலம் எடுத்து, லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்து இறக்கியவர் எங்கள் முதலாளி தாண்டவராயன்.

அவருக்கு ஒடுகத்தூரில் கடலை எண்ணெய் மில். ஜமுனாமரத்தூரைத் தாண்டிக் கொஞ்சம் நிலம் வாங்கி, நாலு காட்டேஜ் கட்டி, சாப்பாட்டுக்கு ஒரு கொட்டகையும் போட்டிருந்தார். கலசப்பாக்கத்தில் என் வீட்டுக்கே வந்து என்னைக் கூப்பிட்டார்.

"மலமேல பிரியாணி எவன் வேணா போடுவான் குணா. நம்மகிட்ட கிரில்லு. நீதான் தோஹாவுல கிரில் மாஸ்டராச்சே."

உண்மைதான். பல வருஷம் தோஹாவில் கரி அடுப்பு முன்னால் நின்றவன் நான். என் பெண் வெண்ணிலா என்னைப் போனில் பார்த்தே வளர்ந்தவள். நான் ஊருக்கு வந்தபோது கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அம்மா, அவரு வந்துட்டாரு" என்றாள். அப்பா என்று சொல்லவில்லை, அவரு என்றாள். இனிமேல் எங்கேயும் போகமாட்டேன் என்று என் மனைவி வடிவிடம் அன்றைக்குச் சொன்னேன். மலையில் வேலை என்றால் வாராவாரம் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் தோஹா ஏஜென்ட் திரும்பி வரச் சொல்லி விடாமல் போன் பண்ணிக்கொண்டே இருந்தான்.

புரட்டாசி பிறந்ததும் முதலாளி ஒரு குண்டைப் போட்டார்.

"நான் இந்த மாசம் கறி தொட மாட்டேன். ஐப்பசி மொத ஞாயித்துக்கெழம எங்க அக்கா குடும்பத்தோட மேல வர்றேன். அன்னிக்கு நல்லா இருந்துதுன்னா கிரில்லுன்னு போர்டு வெப்போம். இல்லன்னா மெஷின வித்துட்டு பிரியாணி மாஸ்டரு ஒருத்தர வெச்சுக்கறேன். நீ கோச்சிக்கக் கூடாது, இன்னா?"

கோபித்துக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல் சிரித்தேன்.

எனக்கு வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆட்டுச் சாப்ஸை இரண்டு விரல் கனத்துக்கு வெட்டி, நல்ல சூட்டில் போட்டால், மேல்புறம் சட்டென்று முறுகிக் கருஞ்சிவப்பாக வேண்டும். உள்ளே சாறு நிற்க வேண்டும். அவ்வளவுதான். தோஹாவில் கண்ணை மூடிக்கொண்டு செய்தது. இங்கே என்ன வந்தது? சாம்பல் நிறத்தில் அவிந்த கறி. முறுகல் பெயருக்குக்கூட இல்லை. பெங்களூர்ப் பையன்கள் சிலர் வந்தார்கள், ஆளுக்கு ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்கள். ஒருவன் மட்டும் மரியாதையாக, "வேகவெச்சதா அண்ணா?" என்று கேட்டான். அதற்கு அவன் என்னை அறைந்திருக்கலாம்.

முதல் சந்தேகம் பெல்லட் மேல். முதலாளி தன் மில்லுக்குப் பக்கத்திலேயே மலிவாகக் கிடைக்கிறதென்று கடலைத் தோல் பெல்லட்டை மூட்டை மூட்டையாக அனுப்பியிருந்தார். டீக்கடை அடுப்புக்குப் போடுவது அது. எரிவதைவிடச் சாம்பல் அதிகம். தீக்கிண்ணம் அடைத்துக்கொண்டு நெருப்பு மூச்சுத் திணறியது. அவரிடம் சண்டை போட்டு நல்ல மரப் பெல்லட் வரவழைத்தேன். அப்போதும் கறி அவிந்தது.

அடுத்து கரண்ட். சாயங்காலம் ஆனால் மலையில் வோல்டேஜ் படுத்துவிடும். ஃபேன் நோயாளி மாதிரி முனகும். ஸ்டெபிலைசர் வாங்க வைத்தேன். மெஷினில் சூடு காட்டுகிற முள் இருநூற்று அறுபது டிகிரி வரைக்கும் ஏறியது. அதற்கு மேல் அந்த மெஷினுக்கு விதி இல்லை. நெருப்பை மறைத்துக்கொண்டிருந்த தகட்டைக் கழற்றி எறிந்தேன். ஒடுகத்தூர் சந்தையில் இருப்பதிலேயே கனமான இரும்பு தோசைக்கல்லை வாங்கி வந்து, தீக்கு நேர் மேலே வைத்து, மூடியை மூடி, நன்றாகக் காயவிட்டேன். கல் மேல் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக ஓடியது. ஆஹா, இனி பார் என்று சாப்ஸை வைத்தேன். 'சொர்' என்று ஒரு சத்தம். ஒரே நொடிதான். அப்புறம் கறியைச் சுற்றித் தண்ணீர் விட்டு, குழம்பு கொதிக்கிற மாதிரி களகளவென்று கொதித்தது.

நான் கரண்டியை வீசினேன். அது போய் மழைத்தண்ணீர் டிரம்மில் விழுந்தது.

அடுத்தது பிரிட்ஜ் மேல் சந்தேகம். கறி முறுக வேண்டுமென்றால் மேல்புறம் காய்ந்திருக்க வேண்டும். அது தெரியாதவன் இல்லை நான். ராத்திரியே உப்புத் தடவி, எவர்சில்வர் தட்டில் பரப்பி, மூடாமல் பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவேன். காலையில் அது தோல் மாதிரி காய்ந்திருக்க வேண்டும். ஆனால் நான் சமைக்க எடுக்கிறபோது நனைந்துகொண்டு கிடக்கும். டிஷ்யூ பேப்பரால் ஒற்றி ஒற்றி ஒரு கட்டே தீர்ந்துபோகும். கரண்ட் போய்ப் போய் வருவதால் பிரிட்ஜ் வியர்க்கிறது என்று முடிவு கட்டினேன். இன்னொரு அதிசயம், உப்பும் நிற்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு நாள் கூட்டிப் போட்டேன். அப்படியும் சப்பென்றே இருந்தது. மலை உப்புக்குக் கரிப்புக் குறைவோ என்றுகூட யோசித்தேன். புத்தி அந்த அளவுக்குக் கலங்கியிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் திரௌபதியக்கா தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மலைக்கிராமத்துக்காரி. காலையில் சாமைக் கொல்லையை ஒரு நடை பார்த்துவிட்டு எனக்கு முன்னாலேயே சமையலறைக்கு வந்துவிடுவாள். பாத்திரம், காய்கறி, அடுப்படி எல்லாம் அவள் பொறுப்பு. அதிகம் பேசமாட்டாள். நான் மெஷினை உதைக்கிறபோது மட்டும், "அது இன்னா பண்ணும் தம்பி, பாவம்" என்பாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

ஐப்பசி பிறந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. முந்தின நாளே கறிக்கடையில் நின்று, துண்டு துண்டாகக் கொத்தப் பார்த்த கடைக்காரரின் கையைப் பிடித்துத் தடுத்து, கனமான சாப்ஸாக வாங்கி, உப்புத் தடவி, இரண்டு தட்டில் அடுக்கி வைத்துவிட்டுப் படுத்திருந்தேன். தூக்கம் வரவில்லை. ஏஜென்டின் குரல்தான் காதில் ஓடியது. விடிந்ததும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் சமையலறைக்குப் போனேன். பின்பக்கக் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

திரௌபதியக்கா குந்தி உட்கார்ந்திருந்தாள். முன்னால் பெரிய அலுமினிய அன்னக்கூடை. அதற்குள் என் சாப்ஸ் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்து, பிழிந்த தண்ணீரைக் கீழே ஊற்றி, மறுபடியும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கத்தினேன்.

"இன்னாக்கா பண்ற!"

"கறி கழுவறேன்."

"தெனமுமா?"

"பின்ன? ராத்திரி கழுவாமயே வெச்சிட்டுப் போய்ட்ற. காத்தால வந்து ரத்தம் போவ ஊற வெச்சு நாலஞ்சு தண்ணி ஊத்திக் கழுவி, திரும்ப தட்டுல அடுக்கி பிரிட்ஜிலயே வெக்கறேன். மேல உப்பு வேற கொட்டிக்கினு கெடக்குது. தெரியாம கொட்டிட்டியாக்கும்னு அதையும் அலசிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"கறிய கழுவுறத எவனாச்சும் சொல்லிக்கினு இருப்பானா? நீ கேட்டியா?"

ஒரு மாதம். பெல்லட் மாற்றி, ஸ்டெபிலைசர் வாங்கி, தோசைக்கல் சுமந்து, முதலாளியிடம் திட்டு வாங்கி, மெஷினை உதைத்துக் கால் விரல் வீங்கி, ஒரு மாதம்! தண்ணீர் குடித்து ஊறிய கறியை எந்த நெருப்பில் போட்டால் முறுகும்? எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். கறியைக் கழுவக் கூடாது, கடையிலேயே சுத்தமாகத்தான் தருகிறான், உலகத்தில் எந்த கிரில் மாஸ்டரும் கழுவுவதில்லை என்றேன்.

"ஒலகத்துல இன்னாவோ பண்ணிக்கட்டும். கழுவாத கறிய மனுசனுக்குப் போடுவியா நீ?" என்றாள்.

"இன்னொரு தட்டு உள்ள இருக்குது. அதத் தொட்ட, வேற வேல பாத்துக்கோ, சொல்ட்டேன்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அன்னக்கூடையை அப்படியே விட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் அந்த நேரத்தில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

மத்தியானம் வந்தார்கள். முதலாளி, அவருடைய அக்கா மங்கம்மாள், வீட்டார் என்று கொட்டகை நிறைந்துவிட்டது. ஒரு மாதம் வாயைக் கட்டியிருந்த கூட்டம். கழுவாத அந்த ஒரு தட்டை எடுத்தேன். கறி மேல்புறம் தொட்டால் ஒட்டாமல் காய்ந்திருந்தது. கல் காய்ந்து புகைந்தது. மூடியைத் திறந்து சாப்ஸை வைத்தேன். 'சொர்ர்ர்' என்று பிடித்த சத்தம் நிற்கவே இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. திருப்பிப் போட்டேன். கருஞ்சிவப்பு, ஓரமெல்லாம் முறுகல், வாசனை கொட்டகை வரைக்கும் போய் ஆட்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மெஷினைத் தட்டிக் கொடுத்தேன். பாவம், அதன் மேல் தப்பே இல்லை.

தட்டுகளைக் கொண்டுபோய் வைத்தேன். மங்கம்மாள் ஒரு சாப்ஸைப் பிய்த்தார். உள்ளே லேசாகச் சிவந்திருந்தது. கை அப்படியே நின்றது.

"இன்னாடா தாண்டவராயா, ரத்தமாட்டம் கீது?"

"அது அப்பிடித்தாங்கம்மா இருக்கணும், அது சாறு" என்றேன்.

"சாறோ இன்னாவோ. கறிய கழுவினீங்களா?"

மற்றவர்கள் கையும் தட்டில் நின்றுவிட்டது. முதலாளி என்னைப் பார்த்தார். கழுவவில்லை என்றால் ஒருவரும் தொடமாட்டார்கள். ஏஜென்ட், விசா, ஏர்போர்ட், கதவுக்குப் பின்னால் வெண்ணிலா, எல்லாம் கண்முன் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மங்கம்மாள் கையைக் காட்டித் தடுத்தார்.

"நீ சொல்லாத. ஆம்பளைங்க கழுவாமயே கழுவினேன்னு சொல்லுவீங்க." தண்ணீர் செம்போடு நின்றிருந்த திரௌபதியக்கா பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இது கழுவின கறியா?"

போச்சு என்று நினைத்தேன். காலையில் வேறு வேலை பார்த்துக்கொள் என்று நான் சொன்னது அவளிடம்தான்.

திரௌபதியக்கா செம்பைக் கீழே வைத்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

"நான்தாம்மா கழுவினேன். நாலஞ்சு தண்ணி ஊத்தி, புழிஞ்சு புழிஞ்சு கழுவினேன். சாப்புடுங்க."

மங்கம்மாள் சாப்பிட்டார். மென்றார். இன்னொன்று கேட்டார். அப்புறம் தட்டு என்னிடம் திரும்பி வந்தபோது எலும்பு மட்டும்தான் இருந்தது. முதலாளி கைகழுவப் போகிற வழியில் என் தோளில் அடித்தார்.

"போர்டு எழுதச் சொல்லிட்றேன் குணா."

கொட்டகைக்குப் பின்னால் போய் வடிவுக்குப் போன் பண்ணினேன். "அந்த ஏஜென்ட் போன் பண்ணான்னா வரலன்னு சொல்லிடு" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. போனை வெண்ணிலாவிடம் கொடுத்தாள். "அப்பா, இந்த வாரம் வர்றியா?" என்றாள்.

எடுத்து வைத்திருந்த கடைசி சாப்ஸை நல்ல தட்டில் வைத்துத் திரௌபதியக்காவிடம் கொண்டுபோனேன். இருந்ததிலேயே அழகாக முறுகியது அதுதான். குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"காத்தால பேசினது தப்புக்கா. மன்னிச்சிக்கோ. ஏன் எனக்காகப் பொய் சொன்ன?"

"பொய் இன்னா பொய். பாதிய கழுவினேன் இல்ல?" என்றாள். "உம் பொண்ணு போட்டோவ போன்ல பாத்துக்கினே இருக்கிற. அத்த விட்டுட்டு எங்க போவ நீ?"

தட்டை நீட்டினேன். "தின்னுக்கா. ஒரு மாசமா இதுக்குத்தான் ஒழைச்சேன்."

சாப்ஸைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்தாள். தண்ணீருக்குக் கீழே அதைப் பிடித்து, விரலால் நன்றாகத் தேய்த்து, ஒரு பக்கம் கழுவினாள். திருப்பி மறுபக்கமும் கழுவினாள். நான் ஒரு மாதமாகத் தேடிய முறுகல் கரைந்து சாக்கடையில் போயிற்று. என் வாய் தானாகத் திறந்தது. நான் அதை மூடிக்கொண்டேன்.

உதறிவிட்டு ஒரு கடி கடித்தாள். நிதானமாக மென்றாள்.

"நல்லாத்தான் கீது தம்பி. உப்புதான் பத்தல."